மதலேனாள் பேரில் ஒரு பீலி

மனு எழுதுகிறவனுக்கு இரண்டு கைகளும் வேலை செய்யவேண்டும்: ஒன்று எழுதுவதற்கு, மற்றொன்று, எழுதச் சொன்னவர் நடுவில் அழத் தொடங்கினால் காகிதம் நனையாமல் மூடிக்கொள்வதற்கு.

அரசாங்கத்துக்கு மனு எழுதியும், எழுதுவித்தும், பதிலை எதிர்பார்த்துத் தபாற்கந்தோர்ப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து வேட்டி தேய்ந்தும் போன சகோதரர்களே, இந்தத் துணுக்குகள் உங்களுக்காகவே எழுதப்படுகின்றன. நீங்கள் பட்டதையே நானும் பட்டேன் என்று அறிந்தால் உங்கள் மனம் சற்று ஆறக்கூடும்.

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் ஹமீது நானாவின் பலசரக்குக் கடைக்கு முன்னால் கிடந்த மரவாங்குதான், அந்த நீட்டுப் பலகைதான், என் கந்தோர். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்லன். ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக்கொண்டிருந்தவன். நானாவின் கடைக்குச் சாமான் சுற்றிவரும் அச்சுக் காகிதங்களை ஒன்றுவிடாமல் வாசித்து, அவற்றில் உள்ளது போலவே எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டுப் பழகினேன். ஊரார் என்னை ‘மனுக்கார ஐயா’ என்றார்கள். அந்த ‘ஐயா’வை நான் கேட்டு வாங்கவில்லை, கொடுத்தபோது மறுக்கவும் இல்லை.

பேரை எடுத்துக்கொண்டு போனவர்

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் வெறும் பெயர் அன்று. ஒருநாள் வேலைக்கு ஒரு பேர். பாதிநாள் வேலைக்கு அரைப்பேர். காலையில் தப்பு அடித்து, ஆட்களை வரிசையாய் நிறுத்திப் பெரட்டுக் கூட்டி, கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்தில் பேரைக் குறித்தால்தான் அன்றைக்கு அந்த மனிதன் உயிரோடு இருந்ததாகக் கணக்கு. அப்படிப்பட்ட பேரைத் தாமாகவே போய், “வெட்டிப்புடுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர் சவரிமுத்து. மரத்துப் பாலை விட்டு மாட்டுப் பாலுக்கு மாறுகிறேன் என்றார். தோட்டத்து எல்லைக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில் அரசாங்கத்துப் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டார். ஒரு பசுவோடு போனவரிடம் மூன்றே வருஷத்தில் நாலு பசுவும் ஒரு கன்றும் ஆயின. கடைத்தெருத் தேநீரெல்லாம் அவர் பாலில்தான் வெளுத்தது.

அவர் ஒருநாள் என் வாங்கில் வந்து குந்தினார். குடிசைக்குப் பின்னால் ஓடும் ஓடையில்தான் மாடுகள் தண்ணீர் குடித்துவந்தன. மேலே தோட்டத்தில் புதிதாக ரப்பர்க் கொட்டகை கட்டி, பால் உறையவைக்கும் புளித்த திராவகத் தண்ணீரை அந்த ஓடையிலேயே விட்டுவிட்டார்கள். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலியிலே, அதுதான் மலை ஊற்றைக் குழாயில் இறக்கியிருக்கும் இடம், கேட்டால், அது செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்கு மாத்திரம் என்று துரை சொல்லிவிட்டார். ஆறோ இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தூரம். சவரிமுத்துவும் மனைவி அந்தோணியம்மாளும் குடங்குடமாய்ச் சுமக்கிறார்கள். ஒரு பசு ஒரே மூச்சில் குடிப்பது அந்த அம்மாளின் ஒரு நடை. தை, மாசியில் வெயில் ஏறினால் சுமந்து மாளாது. மாடுகளை விற்றுவிட்டு மறுபடியும் லயத்துக்குப் போய்ப் பேர் கொடுக்கவேண்டியதுதான்.

“துரைகிட்டச் சொன்னீர்களா?” என்று கேட்டேன்.

“சொன்னேனுங்க. துரைக்கு மாட்டு பாஷை தெரியல. கவர்மெண்டுக்காச்சும் தெரியுதான்னு எழுதிப் பாருங்கய்யா.”

எந்தப் பால்?

என் முதல் மனுவை நான் இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிரும். ‘மகாகனம் பொருந்திய அரசாங்க ஏஜெண்டுத் துரையவர்கள் சமுகத்துக்கு’ என்று தொடங்கி, ஒரே வாக்கியமாய் ஒன்றேகால் பக்கம் ஓடி, ‘பால் எடுக்கும் தொழிலினராகிய எங்களுக்கு நீர் அளிப்பது அரசாங்கத்தின் நீங்காக் கடனாகும்’ என்று முடிந்தது. ஹமீது நானா அதை இரண்டுதரம் வாசிக்கக் கேட்டுவிட்டு, மூச்சு விட இடம் எங்கே என்று கேட்டார். நல்ல தமிழில் மூச்சு விடக்கூடாது என்று நான் சொன்னேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் தொழிலாளருக்குத் தண்ணீர் அளிப்பது அவரவர் தோட்டத்துத் துரையின் பொறுப்பு; அரசாங்கத்தின் பொறுப்பன்று என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் ‘பால்’ என்றால் எவனுக்கும் முதலில் மரம்தான் ஞாபகத்துக்கு வரும் என்பதை, பத்து வருஷம் ரப்பர்ப் பால் நிறுத்த நானே மறந்துபோனேன். குற்றம் என்னுடையது. ஆனாலும் அந்தக் கடிதம் நல்ல தடித்த காகிதம். கீழே முத்திரையும் அழகாக விழுந்திருந்தது. அதைச் சவரிமுத்து வீட்டில் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அந்தோணியம்மாள் தலையிலிருந்த குடத்தை இறக்காமலேயே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டிக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல கனமாத்தான் இருக்கு. மாடு திங்குமான்னு பாக்கட்டுங்களா?”

மழை நாட்டில் தாகம்

இரண்டாவது மனுவில் ‘மாட்டுப் பால்’ என்று தெளிவாக எழுதி, நானே கையில் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அன்று மழை. எங்கள் சப்ரகமுவா மாகாணத்தில் மழையைப்பற்றி எழுதுவது உப்பளத்தில் உப்பைப்பற்றி எழுதுவதற்கு ஒப்பாகும். குடை இருந்தும் முழங்கால்வரை நனைந்துபோய், காகிதத்தை மாத்திரம் வயிற்றோடு அணைத்துக் காப்பாற்றி, கிளார்க்கர் ஐயா முன்னால் நின்றேன். வேட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் மேசைக் காலடியில் குளமாய்த் தேங்கியது.

அவர் மனுவை வாசித்தார். என்னைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொருதரம் வாசித்தார். நான் மாசி வெயிலைப்பற்றியும் ரப்பர்க் கொட்டகையைப்பற்றியும் எடுத்துச் சொல்ல வாய் திறக்குமுன் கையமர்த்தினார்.

“இந்த ஊரிலே நின்றுகொண்டு அரசாங்கத்திடம் தண்ணீர் கேட்டவர் நீர் ஒருவர்தான் ஐயா. வந்ததே வந்தீர், கொஞ்சம் காற்றும் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்.”

மூக்கால் வாசித்த சாட்சி

‘மனிதர் குடிக்க நீர் கேட்டால் ஆலோசிக்கலாம்; மாடு வளர்ப்பது சொந்த வியாபாரம், அதற்கு நீர் தேடுவது வியாபாரியின் பாடு’ என்று அந்த மனுவுக்கும் பதில் வந்தது. அதை வாங்கில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், நானா ஒரு சிங்களப் பெண்பிள்ளைக்குக் கருவாடு சுற்றிக் கொடுப்பதைப் பார்த்தேன். சுற்றிய காகிதத்தில் பெரிய எழுத்தில் ‘பசு வளர்ப்பீர்’ என்று இருந்தது. பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். கிராமங்களிலும் தோட்டப் புறங்களிலும் பால் போதாமையால், குடியானவர்கள் பசு வளர்க்கத் தொடங்கவேண்டும் என்று அரசாங்கமே மூன்று பாஷையிலும் அச்சிட்டு, முன்னொரு வருஷம் கடைதோறும் கட்டுக் கட்டாய்க் கொடுத்த விளம்பரம் அது. நானா ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு மிச்சத்தைக் கருவாட்டுக்கு வைத்துக்கொண்டார்.

அதை மூன்றாவது மனுவோடு ஊசியால் குத்தினேன். ‘வளர்ப்பீர் என்று அச்சிட்டுச் சொன்னவர்களே தண்ணீருக்கும் பொறுப்பு, விருந்துக்கு அழைத்தவன் இலை போடாமல் இருக்கலாகாது’ என்று இரண்டே வரி எழுதினேன். என் வாழ்நாளிலேயே மிகக் குறுகிய மனு அதுதான். மறுபடியும் அதே கிளார்க்கர் ஐயாவிடம் போனேன். அவர் காகிதத்தைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். முகர்ந்தார். வாசித்தார். வாசித்து முடித்ததும் சுளித்த முகம் மெல்ல மாறியது. மேசைமேல் வழக்கமாய் வைக்கும் பெரிய காகிதக் கட்டோடு சேர்க்காமல், தனியே ஒரு கல்லை எடுத்துப் பாரம் வைத்தார்.

“இதைப் பெரியவர்கள் வாசிக்காமல் தள்ளிவைக்க முடியாது. மூக்கு விடாது.”

பாரம் வந்து இறங்கியது

அச்சிட்ட படிவத்தைக் கந்தோரில் ‘பாரம்’ என்கிறார்கள். பேர் வைத்தவன் அதைச் சுமந்து பார்த்தவன். எங்களுக்கு வந்த பாரத்தில், பத்துப் பேருக்குக் குறையாமல் தண்ணீர் அருந்துகின்ற இடத்தில் பீலி அமைப்பது ஆலோசிக்கப்படும் என்று எழுதி, கீழே கட்டம் கட்டமாய்க் கோடு போட்டிருந்தது. கட்டங்களின் தலைப்பு: ‘நீர் அருந்துவோர் பேர், வயது, தொழில்.’

நீங்களே சொல்லுங்கள், சகோதரர்களே. நாங்கள் தண்ணீர் கேட்டது எவருக்கு? மாடுகளுக்கு. அருந்தப்போவது எவர்? மாடுகள். அச்சிட்ட கேள்விக்கு அச்சிட்டபடியே பதில் சொல்லவேண்டும் என்பதில் எனக்கு அன்றும் ஐயம் இல்லை, இன்றும் இல்லை. மேலும், சவரிமுத்து வீட்டு மாடுகளுக்குப் பேர் இல்லாமலில்லை. மாடு பிறந்த நாளோ வாங்கிய நாளோ எந்த அர்ச்சியசிட்டவரின், அதாவது எந்தப் புனிதரின், திருநாளோ அந்தப் பேரையே அவர் வைத்துவிடுவார். மதலேனாள், லூசியாள், தெக்கலாள், பிலோமினாள் ஆகிய நால்வரும், கன்று சூசையும். மாதா கோயில் சுவாமியார் ஒருமுறை இதைக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு காலைப் பால் முதற்படி அவருக்குப் போய்ச் சேரவே கோபம் தணிந்ததாம்.

‘மதலேனாள், வயது ஆறு’ என்று எழுதினேன். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. ‘பால்’ என்று எழுதி ஒருமுறை அடிபட்டவன் நான். என்ன எழுதலாம் என்று சவரிமுத்துவைக் கேட்டேன். அவர் மதலேனாளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“குடும்பத்தக் காப்பாத்துறதுன்னு எழுதுங்கய்யா. அதத்தான செய்யிறா.”

நானா பேர் வைத்தது

ஐந்து பேர் ஆயிற்று, பத்து வேண்டும். ஹமீது நானாவும் புதிதாக மூன்று பசுக்கள் வாங்கி அதே ஓடைக்கரையில் கட்டியிருந்தார். பேர் சொல்லும் என்றேன். அவர் திடுக்கிட்டார். மாட்டுக்கு யாராவது பேர் வைப்பார்களா, மூணும் மூணு மாடு, அவ்வளவுதானே என்றார். பேர் இல்லாத மாட்டுக்கு அரசாங்கம் தண்ணீர் தராது என்று பாரத்தைக் காட்டினேன். நெடுநேரம் தாடியைத் தடவினார். மனிதருடைய பேரை மாட்டுக்கு வைக்க அவருக்கு மனமில்லை. முடிவில் நிறத்தைப் பார்த்துச் சிங்களத்திலேயே வைத்தார்: வெள்ளைக்குச் சுதி, கறுப்புக்குக் களு, சிவப்புக்கு ரத்தி.

எட்டாயிற்று. பக்கத்துக் குடிசையில் தனியாய் இருந்த கிரி மெணிக்கா என்ற சிங்களக் கிழவி இரண்டு பசுக்களோடு பத்தாக்கினார். அவர் தம்முடைய பேரையும் எழுதச் சொன்னார். தாமும் தண்ணீர் குடிப்பதுண்டு என்றார். நியாயம்தானே? பதினொன்றாவதாக எழுதினேன். வயதைச் சொல்ல மறுத்துவிட்டார். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். தொழிலைக் கேட்டதற்கு மடியைப் பிழிவதுபோல் விரலால் காட்டினார்; ‘பால்’ என்று குறித்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நானா, மூன்று பேர் வைத்த களைப்போடு கல்லாவில் சாய்ந்தார்.

“ஓய் மனுக்காரரே, என்ட மூணு புள்ளயளுக்கும் பேர் வெக்கக்குள்ள கூட எனக்கு இவ்வளவு யோசின வரல்ல.”

பெரட்டு

தை மாதக் காலையொன்றில் ஓவர்சியர் ஐயா பட்டியலோடு வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்தவர், இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வாரம். வெள்ளைத் தொப்பியும் சிவந்த முகமுமாய், விசாரணை என்றால் விசாரணையாகவே நடத்துகிறவர். குடிசை முற்றத்தில் நின்று, பட்டியலில் உள்ள பதினொரு பேரும் வந்து நிற்கவேண்டும் என்றார். பிறகு எங்களைப் பேசவிடாமல் உரத்த குரலில் வாசித்தார்.

“மதலேனாள்!”

குடிசைக்குப் பின்னாலிருந்து மதலேனாள் வந்தாள். அவர் கையில் இருந்த தோல் பையைத் தவிட்டுப் பெட்டி என்று எண்ணினாளோ என்னவோ, நேரே வந்து அதில் மூக்கை வைத்தாள். ஓவர்சியர் ஐயா ஓரடி விலகி, மாட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, “லூசியாள்!” என்றார். லூசியாளும் வந்தாள். தெக்கலாளின் பேரைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தளர்ந்திருந்தது. பிலோமினாளை அவர் கூப்பிடவே இல்லை. அவள் தானாக வந்தாள். சவரிமுத்து தம்முடைய பழைய தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, பெரட்டுக் களத்தில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்றார்.

“எங்க வீட்டுல எல்லாரும் வந்துட்டாங்கய்யா. சூசை மட்டும் சின்னப் புள்ள, கட்டிப் போட்டிருக்கு. அரைப்பேர் போட்டுக்குங்க.”

வெட்டப்பட்டவர்

“உது கள்ளப் பட்டியல்!” என்று ஓவர்சியர் ஐயா பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பேராய் வெட்டத் தொடங்கினார். மதலேனாள், லூசியாள், எல்லாம் போயின. சுதி, களு, ரத்தி போயின. ஒவ்வொரு கோட்டுக்கும் சவரிமுத்துவின் தோள் ஒவ்வோர் அங்குலம் இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ‘கிரி மெணிக்கா’வுக்கு வந்தார். வயது இல்லை, தொழில் பால். புதிதாய்ப் படித்த சிங்களத்தை நினைவுபடுத்திக்கொண்டார். “கிரி எண்டால் பால்தானே? இதுவும் மாடு” என்று அதையும் ஒரே இழுப்பில் வெட்டினார்.

தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் தம் பேர் சொல்லப்பட்டதும் பேனா ஓடியதும் கிழவிக்குத் தெரிந்துவிட்டன. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அனே மாத்தயா! மனுசி நான்! என்னை வெட்டினா, இனி நான் புல் திங்கிறதா?”

தலைப்பை வாசித்தது

சிரித்தவர்கள் எல்லாரும் சிரித்து முடித்தபிறகு, “இதை எழுதினது ஆர்?” என்று ஓவர்சியர் ஐயா கேட்டார். நான்தான் என்றேன். ஆனால், பாரத்தின் தலைப்பை ஒருமுறை வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் வாசித்தார்: ‘நீர் அருந்துவோர்.’ மனிதர் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் காகிதத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார். அங்கேயும் இல்லை.

அவர் ஓடைக்கு இறங்கினார். ஒரு சிரட்டையில் தண்ணீரை மொண்டு முகர்ந்தார். அதை மதலேனாளின் முன் நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தோணியம்மாள் ஆற்றிலிருந்து கொண்டுவந்த குடத்தை வாளியில் ஊற்றினார். நாலு பசுக்களும் அதில் தலையை நுழைக்க இடமில்லாமல் முட்டிக்கொண்டார்கள். துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஊரில் பிறந்தவர் அவர். வாளியின் அடி தெரிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேலே ஏறிவந்து, வெட்டிய பேர்கள் அத்தனைக்கும் நேராக ஓரத்தில் ‘சரி’, ‘சரி’ என்று எழுதிக்கொண்டே போனார். கிரி மெணிக்காவுக்கு மாத்திரம் ‘மனுஷி’ என்று சேர்த்து எழுதினார்.

“நான் கூப்பிட்டு இவ்வளவு பேரும் ஒழுங்காய் வந்தது இண்டைக்குத்தான் காணும். மனிசரெண்டால் அரைவாசிப் பேர் வந்திருக்கமாட்டினம்.”

கங்காணியார் வைத்திருந்த இடம்

அறிக்கை போயிற்று. அறிக்கை போனால் தண்ணீர் வந்துவிடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாசி பிறந்தது. லூசியாள் மடி வற்றியது. தெக்கலாளின் விலா எலும்புகளை எண்ணக்கூடியதாயிற்று. அந்தோணியம்மாளுக்குக் கழுத்து நோய் கண்டு, ஒரு பக்கமாய்த் திரும்பமுடியாமல் போயிற்று. அப்போதும் அந்தத் திரும்பாத கழுத்துக்கு மேலே குடம் இருந்தது.

சவரிமுத்துவின் பழைய தோட்டத்துக் கங்காணியார் ஒருநாள் கடைப்பக்கம் வந்தார். கெட்ட மனிதர் அல்லர். சவரிமுத்துவின் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் நின்றவர். வெற்றிலையை மடித்து, பால் கொண்டுவந்திருந்த சவரிமுத்துவுக்கும் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

“ஒன் பேரு இருந்த எடத்த இன்னும் யாருக்கும் குடுக்கலப்பா. மாட்ட வித்துப்புட்டு வந்துரு. செக்ரோலு ஒன்னயத் தேடுது.”

எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்

அதற்கு மூன்றாம் நாள் காலை, நாலு பசுக்களையும் கயிற்றில் கோத்துக்கொண்டு சவரிமுத்து கடைமுன் வந்து நின்றார். கூடவே மாடு வாங்குகிற தரகர் ஒருவர். விற்பனைச் சீட்டு எழுதவேண்டும் என்றார்கள். மாட்டுக்குச் சீட்டு எழுதும்போது அடையாளம் எழுதவேண்டும், பேர் இருந்தால் அதையும் எழுதவேண்டும். ‘மதலேனாள்’ என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. சவரிமுத்து எதிர்ப்பக்கமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். காகிதத்தை மூடிக்கொள்ள என் இடக்கை தானாகவே எழுந்தது. ஆனால் அழுதவர் அவர் அல்லர்.

அப்பொழுது நான் செய்ததை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. பேனாவை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அச்சில் வாசிப்பதுபோலவே சொன்னேன்: “அரசாங்கப் பட்டியலிற் பேர் பதியப்பெற்ற எவரும், விசாரணை முடிவெய்துமுன், விற்கப்படவோ வாங்கப்படவோ கூடாது.” தரகர் வெலவெலத்துப் போனார். அரசாங்கத்து மாட்டில் கைவைத்த பழி தமக்கு வேண்டாம் என்று சொல்லிக் குடையையும் மறந்துவிட்டு நடந்தார். அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. என் எழுத்தை நம்பியவர்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அன்று சாயந்தரமே நானா தம்முடைய மாட்டுவண்டியில் இரண்டு பீப்பாய்களை ஏற்றி ஆற்றுத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். பதினேழு நாள் அனுப்பினார். முதல் வண்டி புறப்பட்டபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஓய், அந்தச் சட்டம் எந்தப் பொஸ்தகத்தில ஈக்கிது? நீங்க இன்னும் எழுதாத பொஸ்தகத்திலயா?”

மதலேனாள் வீட்டு ஆட்கள்

பதினெட்டாம் நாள் ஓவர்சியர் ஐயா இரும்புக் குழாய்களோடும் எட்டு ஆட்களோடும் வந்தார். தெருவுக்கு மேலே இருந்த மலை ஊற்றை இறக்கி, ஒரு பீலியும், அதன் கீழ் மாடு குனிந்து குடிக்கச் சீமெந்துத் தொட்டியும் கட்டினார்கள். முதல் தண்ணீர் விழுந்தபோது மதலேனாள் முதலில் குடித்தாள். பட்டியலிலும் அவள்தான் முதல். சவரிமுத்து தொட்டியின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு, அவள் குடிக்கிற ஒவ்வொரு மிடறையும் எண்ணுவதுபோல் நின்றார். லயத்துக்குப் போகிற பாதை அவருக்குப் பின்புறத்தில் இருந்தது. அன்றைக்கு அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

எல்லாரும் கலையும் நேரத்தில் ஊர்த் தலைமைக்காரரான ஆராச்சியார் உத்தரவுக் கடிதத்தை வாசித்தார். ‘மேற்படி பீலியின் நீரைப் பட்டியலிற் கண்ட பதினொருவரன்றிப் பிறர் எவரும் உபயோகிக்கலாகாது.’ அந்தோணியம்மாள் குடத்தைப் பீலியடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஆராச்சியார் நேர்மையான மனிதர். தமிழும் நன்றாகப் பேசுவார். பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினார். அந்தோணியம்மாள் இல்லை. சவரிமுத்து இல்லை. ஹமீது நானா இல்லை. பத்து மாடுகளும் கிரி மெணிக்காவும் மாத்திரமே இருந்தார்கள். கிழவி வாயெல்லாம் சிரிப்பாய், மனிதரில் உரிமையுள்ளவர் தாம் ஒருவரே என்பதைக் காட்ட, ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பட்டியல், என் எழுத்து. நான் பூமியைப் பார்த்தேன். ஆராச்சியார் தலையைச் சொறிந்துகொண்டு, குடத்துக்கு யார் பேரைக் குறிப்பது என்று கேட்டார். அந்தோணியம்மாள் சற்றும் யோசிக்கவில்லை. “மதலேனாள்னு போடுங்க. அவ குடிச்ச மிச்சந்தான் நாங்க குடிக்கிறோம்” என்று குடத்தைப் பீலிக்கு நேராய் நகர்த்தினார். ஆராச்சியார் எழுதிக்கொண்டார். அன்றுமுதல் அந்த வீட்டுச் சோறு, குழம்பு, குளிப்பு எல்லாம் மதலேனாள் பேரிலேயே நடந்தன. கங்காணியார் மறுவாரம் வந்து, அந்த இடத்தை இன்னும் வைத்திருக்கவா என்று கேட்டபோது, சவரிமுத்து பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“குடுத்துருங்க மாமா, யாருக்காச்சும். தோட்டத்து ரோல்லயும் எம் பேரு இல்ல, கவர்மெண்டு லிஸ்டுலயும் எம் பேரு இல்ல. யாராச்சும் கேட்டா, மதலேனாள் வீட்டு ஆளுன்னு சொல்லிப்புடுங்க.”

இத்தனை வருஷ மனு எழுத்தில் நான் கண்டறிந்தது இவ்வளவே, சகோதரர்களே: அரசாங்கம் நமக்கெல்லாம் நெடுங்காலம் தண்ணி காட்டிவந்தது உண்மைதான், ஆனாலும் மாட்டின் பேரில் கேட்டபோது, மெய்யாகவே காட்டிவிட்டது.